மேகத்துக்குக் கீழே

நியூசிலாந்தின் மலைச்சரிவில் நாற்பது தமிழ்ப் பயணிகள் அண்ணாந்து நின்றார்கள். வானமெங்கும் மேகம். அவர்கள் அணிந்திருந்த கண்ணாடிகளோ மேகத்தை மறைத்துவிட்டு, முழுச் சூரிய கிரகணத்தைத் தாங்களே வரைந்து காட்டின. இதைப் பயணிகளிடம் சொன்னால் வழிகாட்டி பெனிட்டாவின் வேலை போய்விடும்.

கூட்டம் கைதட்டியது. காரைக்குடி மெய்யம்மையின் கன்னத்தில் மட்டும் ஒரு தூறல் விழுந்தது. ஏற்கெனவே கிரகணம் பார்க்க மூன்று நாடுகளுக்குப் போய், மூன்றிலும் மேகத்தால் ஏமாந்து திரும்பியவர் அவர்.

"ஏம்மா, நீ கண்ணாடி போடலையே. உனக்கு என்ன தெரியுது?"

பெனிட்டா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மேகந்தாம்மா தெரியுது."

மெய்யம்மை கண்ணாடியைக் கழற்றினார். பட்டப்பகலில் மலை கருத்துக் கிடந்தது. கீழே ஆடுகள் கத்தாமல் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. குளிர் சட்டென்று ஏறியது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. பெனிட்டாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு நிமிடத்தில் வெளிச்சம் திரும்பியது. பக்கத்தில் நின்றவர் கண்ணைத் துடைத்தபடி, "பாத்தீங்களா ஆச்சி?" என்றார்.

"பாத்தேன்," என்றார் மெய்யம்மை, பிடித்த கையை விடாமல். "இதோட நாலாவது தடவ."