விழுந்தவனைப் பார்த்த குற்றம்

கிடா முட்டுக்குக் கொக்குதான் நடுவர். அது ஒற்றைக் காலில் நின்று கவனிக்கும். தப்பு நடந்தால் மடக்கிய காலைத் தரையில் ஊன்றும். எப்படி வேண்டுமானாலும் முட்டலாம். விழுந்தவனை மட்டும் கேலி செய்யக் கூடாது. அதுதான் சட்டம்.

அன்று கருங்கிடா முட்டிய முட்டில் செங்கிடாவின் மண்டை பிளந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. கொக்கு அசையவில்லை. செங்கிடா சுருண்டு விழுந்தது. கருங்கிடா பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தது.

கொக்கின் கால் தரையைத் தொட்டது.

"கேலி! விழுந்தவனை முறைத்துப் பார்த்தாய். வெற்றி செங்கிடாவுக்கு."

"ஐயா, நானும் அவனும் ஒரே பட்டி. மூச்சு வருதான்னுதான் பார்த்தேன்."

"ஏன் பார்த்தாய் என்று சட்டம் கேட்பதில்லை."

"போன வாரம் இவன் என் முதுகுல ஏறி ஆடினானே, அப்போ?"

"அப்போது நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

"சரிங்க. இவன் மண்டை உடைஞ்சிருக்கே, அதுக்கு?"

"அது ஆட்டம்."

கொக்கு மாலையோடு வந்து செங்கிடாவைக் கூப்பிட்டது. மூன்று தரம் கூப்பிட்டது. பிறகு, குனிந்து பார்க்காமலே மாலையைக் கொம்பில் மாட்டிவிட்டு, தன் இடத்துக்குப் போய்க் காலை மடக்கிக்கொண்டது.

"அடுத்த ஜோடி வரலாம்."