உச்சக்கட்டத்துக்கு ஒரு பிள்ளை

விசா வேண்டுமென்றால் இப்போது சொந்தக் கதையை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இயந்திரம் மதிப்பெண் போடும். தொடக்கம், சிக்கல், உச்சக்கட்டம், முடிவு என்று சொல்லிக்கொடுக்கும் ‘கதைப் பேராசிரியர்’ நான். பட்டம் நானே கொடுத்துக்கொண்டது.

நர்ஸ் ஜெபமலர் இரண்டு முறை தோற்றாள். அவள் கதையில் வெள்ளம் வந்தும் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள்.

“உச்சக்கட்டமே இல்லியேம்மா. மக வெள்ளத்துல போயிட்டதா சொல்லு.”

“நாக்கு கூசுது சார்.”

பத்து நாள் பயிற்சியில் கூச்சம் போயிற்று. தொண்ணூற்றாறு மதிப்பெண். வாசலில் அவளுக்கு பேனர் வைத்தேன்.

நேற்று மகளோடு வந்தாள். “எனக்கு விசா வந்துட்டு சார். பிள்ளைக்குத் தரமாட்டாங்களாம். செத்துட்டதா நான்தானே சொன்னேனாம்.”

சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நான் செத்தப்ப அம்மா அழுதாங்களா சார்?”

அழுகைக்குத் தனியாக நான்கு மதிப்பெண் உண்டென்று சொல்லிக்கொடுத்தவன், தலைகுனிந்துகொண்டேன்.