இருதயராஜின் கால்கள்

டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்சியாளர் இருதயராஜ் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. லைசென்ஸ் தேர்வுக்கு வந்தவர்கள் ஸ்டியரிங்கைச் சும்மா பிடித்துக்கொண்டார்கள். ஓட்டியதெல்லாம் அவர் கால்கள். வெளியே நின்ற இன்ஸ்பெக்டருக்கும் அது தெரியும்.

செண்பகவல்லி தன் முறை வந்தும் காரை எடுக்கவில்லை.

"காலை மேல தூக்கி வைங்க சார்."

"ஏம்மா, பாஸாக வேணாமா?"

"எங்க வீட்டுக்காரர் மேல வண்டிய ஏத்துனவனும் உங்க கார்ல பாஸானவன்தான். அன்னிக்கு உங்க காலு எங்க போச்சு?"

பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. இருதயராஜ் சீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவள் ஓட்டினாள். மேட்டில் வண்டி ஒரு சாண் பின்னால் வந்தது. அவளே பிரேக்கை மிதித்து நிறுத்தி, மேலே ஏற்றினாள்.

"ஃபெயில்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

"வாய்க்கொழுப்பு" என்று முனகியபடி இருதயராஜ் டீ குடிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலுக்கு வந்தார். காலையில் அவர் காரில் பாஸானவன் தன் புதுக்காரைக் கிளப்பிக்கொண்டு எதிரே வந்தான். கார் நிற்கிற மாதிரித் தெரியவில்லை. இருதயராஜின் வலது கால் வெறுந்தரையை ஓங்கி மிதித்தது.