பக்கவாட்டு முகம்

கல்லில் முகம் செதுக்கும் மரியசூசை, போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் அம்மா சின்னக்கிளியைப் பக்கவாட்டில் எடுத்த ஒரே படம் அதுதான். எடுத்தது போலீஸ். நெஞ்சுக்கு நேரே எண் எழுதிய பலகையைப் பிடித்திருந்தாள்.

அம்மா வேலை செய்த வீட்டில் சேலையில் குத்திக்கொள்ளும் ஒரு பழங்கால புரோச் காணாமல் போனது. கல்லில் ஏதோ வெள்ளைக்கார ராணியின் முகம் செதுக்கியது. அம்மாதான் எடுத்தாள் என்றார்கள். ஸ்டேஷனிலிருந்து திரும்பிய மறுநாளே தூக்கில் தொங்கினாள். பிறகு அந்த வீட்டம்மாவின் பட்டுப்புடவை மடிப்பிலேயே புரோச் இருந்தது. "கிடைச்சிருச்சும்மா" என்று வீட்டம்மாவே எனக்குப் போன் செய்து சொன்னார், ஏதோ நல்ல சேதி போல. சட்டம் படித்து முடித்ததும் நான் போட்ட முதல் மனு, இந்தப் போட்டோவைக் கேட்டுத்தான்.

"ரெண்டு அடுக்குக் கல்லும்மா. மேல வெள்ளை, கீழ கறுப்பு. முகம் வெள்ளையிலதான் எடுப்பா வரும்" என்றார் மரியசூசை.

"எங்கம்மா என்னைக்கு வெள்ளையா இருந்தா? கல்லைத் திருப்பிப் போடுங்கண்ணே."

"சரி. பலகைய விட்டுரலாம்ல?"

"அதையும் செதுக்குங்க. நம்பரோட."

அவர் போட்டோவை மேசைமேல் வைத்தார். "நீ போட்டுக்கவாம்மா?"

"இல்ல, அந்த வீட்டம்மாவுக்கு. அறுபதாம் கல்யாணம் வருது. நானே போய்க் குத்திவிடப் போறேன்."

"பின்னாடி ஊசி எவ்வளவு நீளம் வைக்க?"

"பட்டுச்சேலையையும் ரவிக்கையையும் தாண்டணும்ணே."