ஷாம்பெயின் பரீட்சை

காமுவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். நிகில் குடிப்பவனா என்று பார்த்துவிட வேண்டும். எதற்காக ஊற்றிக் கொடுக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியக்கூடாது.

அஸ்தினாபுரத்து வீட்டுச் சமையலறையில் நின்றபடியே, குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் நான்கு ரிசார்ட்டுகளுக்குப் போன் செய்துவிட்டாள். எல்லா இடத்திலும் ஞாயிற்றுக்கிழமை ‘ஷாம்பெயின் பிரன்ச்’ உண்டு. காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி, நடுவில் மதுவை ஊற்றினால் அதற்கு அந்தப் பெயர்.

முதல் இடத்தில், குடும்பமாக வந்தால் மாதுளை ஜூஸ் தருவோம் என்றார்கள். போனை வைத்துவிட்டாள். இரண்டாவதில் ஆளுக்கு ஒரு கோப்பைதான். ஒரு கோப்பையை எவன் வேண்டுமானாலும் மறுத்து நல்லவனாகிவிடலாம். மூன்றாவதில் கேட்டால்தான் ஊற்றுவார்களாம்.

கோவளம் பக்கத்து நான்காவது ரிசார்ட்டில் பேசிய பெண், “கிளாஸைக் காலியாகவே விடமாட்டோம் மேடம். நீங்க கேக்கவே வேணாம்” என்றாள்.

“ஆறு பேருக்குப் போட்டுடும்மா” என்றாள் காமு.

முப்பது வருஷத்துக்கு முன்னால் சத்யநாராயணன் அவளைப் பெண் பார்க்க வந்தபோது காபியைக்கூடத் தொடவில்லை. பழக்கமில்லை என்றார். காபிகூடக் குடிக்காத பையன் என்று அவள் அப்பா தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தார். கல்யாணமான நாலாம் நாள்தான், காபிக்கு அவர் வயிற்றில் இடமே இருந்ததில்லை என்று காமுவுக்குத் தெரிந்தது. போன வருஷம் டாக்டர் ஈரலின் படத்தைக் காட்டிய பிறகு நிறுத்தியிருக்கிறார். அதுவரை, அவர் சட்டையை முகர்ந்து பார்த்துத் துவைக்கப் போடும் ஒவ்வொரு தரமும் அவள் நினைத்துக்கொண்டது ஒன்றுதான். அன்றைக்குக் கூடத்தில் யாராவது ஒரு பாட்டிலைத் திறந்து வைத்திருக்கலாம்.

தன் மகள் மிருதுளாவுக்காக அந்தப் பாட்டிலை இப்போது அவள் திறந்து வைக்கப்போகிறாள்.

நிகில் இணையத்தில் கிடைத்த வரன். டென்மார்க்கில் வேலை. அவன் அம்மாவிடம் பயந்துகொண்டேதான் பிரன்ச் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாளோ, எத்தனை மணி நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டாள். நாலு மணி நேரம் என்றதும் குரலில் அப்படியொரு சந்தோஷம்.

“பேஷா வைங்கோ மாமி. ஆனா அப்பறம் ஆத்துக்கு வந்து, பொண்ணைப் பட்டுப் புடவை, நகையோட ஒரு தரம் பாத்துட்டு, காபி சாப்ட்டுட்டுப் போறோம். சம்பிரதாயத்தை விடப்படாது இல்லையா?”

காமு உருகிப்போனாள். அந்த வாரம் இரண்டாவது சனிக்கிழமை, பேங்க் கிடையாது. வெள்ளிக்கிழமையே போய் லாக்கரைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒட்டியாணம், காசுமாலை, இரட்டைவடச் சங்கிலி என்று மிருதுளா பிறந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தது. அதையெல்லாம் போட்டுக்கொண்டு ரிசார்ட்டுக்கு வந்தால் தன்னையே தேரில் வைத்து இழுப்பார்கள் என்று மிருதுளா சொல்லிவிட்டதால், நகைகள் படுக்கையறை பீரோவில் சாயங்காலத்துக்காகக் காத்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை நிகிலும் அவன் அம்மாவும்தான் வந்தார்கள். அப்பா ஏர்போர்ட்டில் ஒரு உறவுக்காரரை அழைத்துக்கொண்டு நேரே வீட்டுக்கே வந்துவிடுவாராம். அந்த அம்மாள் வீட்டு விலாசத்தை இன்னொரு தரம் கேட்டு அவருக்கு அனுப்பினாள்.

சிப்பந்தி ஊற்றினான். நிகில் ஒற்றை விரலால் கோப்பையை நகர்த்திவிட்டுத் தர்பூசணி ஜூஸ் கேட்டான். அரை மணி கழித்து வேறொருவன் வந்து கெஞ்சினான். அப்போதும் நகர்த்தினான். கடைசியில் காமுவே வெட்கத்தை விட்டு, இந்தக் காலத்தில் இதெல்லாம் சகஜம், ஒரு வாய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

“வேணாம் ஆன்ட்டி” என்றான் அவன் பணிவாக. “எனக்கு எப்பவும் தலை தெளிவா இருக்கணும்.”

“அம்மா, நீ என்ன போலீஸா? அவர் கிளாஸையே பாத்துண்டிருக்கே” என்று காதோடு கடிந்துகொண்டாள் மிருதுளா.

அவன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்ததில் பக்கத்துக் கிளாஸை காமு கவனிக்கவில்லை. அது காலியாவதும் நிரம்புவதுமாக இருந்தது. பரீட்சை வைத்தது மாப்பிள்ளைக்கு. தோற்றுப்போனது மாமனார்.

பரவாயில்லை. மூன்று மணிக்குள் அவள் மனதில் தை மாதத்து முகூர்த்தமே குறித்தாகிவிட்டது. முப்பது வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துக் கடலில் போட்டதுபோல் இருந்தது. பூவும் பழமும் வாங்காமல் வரக்கூடாது, நீங்கள் முன்னால் போங்கள், பின்னாலேயே வருகிறோம் என்றாள் நிகிலின் அம்மா. என்ன பாங்கான மனுஷி என்று மேடவாக்கம் வரை நெகிழ்ந்துகொண்டே வந்தாள் காமு.

வீட்டு வாசல் பூட்டு, உடைபடாமல் திறக்கப்பட்டு, ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. பீரோவில் புடவைகள் மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தன. நிகிலின் அப்பா சொன்னபடியே நேரே வீட்டுக்குத்தான் வந்திருந்தார். பின்னாலேயே வருவதாகச் சொன்ன இருவரின் போன்களும் அணைந்திருந்தன.

சப்-இன்ஸ்பெக்டர் ஜெயவேலு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சோபாவில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்த சத்யநாராயணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அந்தப் பையன் அங்க எதனா குடிச்சானாம்மா?” என்று கேட்டார்.

காமு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நிலையிலும் குரலில் ஒரு சின்னப் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஒரு சொட்டுகூடத் தொடலை சார்.”

“தொடமாட்டாம்மா. இதோட ஏழு வீடு ஆச்சு. டியூட்டியில இருக்கறப்போ அவன் குடிக்கிறதே இல்ல.”