தேக்குத் தரைக் கோடு

ஒரு கீறல் விழுந்தால் போதும் என்று அருமைநாயகம் காத்திருந்தார்.

காலையிலிருந்து கோயிலின் முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்து, தரையில் குனிந்து வேலை செய்கிற ஆளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன வேதக்கோயிலுக்குத் தேக்குப் பலகைத் தரை. தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் தண்ணீர் உள்ளே ஏறிவிடுகிறது என்று, முப்பது வருஷத்துக்கு முன்னால் தளத்தை உயர்த்திப் பலகை அடித்து, தேன்மெழுகு தேய்த்து மினுக்கியிருந்தார்கள்.

பலகை அடித்த அதே வருஷம் அதன் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடும் போட்டார்கள். நான்கு விரல் அகலம். சுவரிலிருந்து சுவர் வரை.

கோட்டுக்கு முன்னால் மேலத்தெருக்காரர்கள். பின்னால் கீழத்தெருக்காரர்கள்.

எல்லாரும் ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். சாதி மட்டும் போகவில்லை.

1912 சித்திரையில் புதிதாக வந்த குருவானவர், முதல் காரியமாகக் கோட்டை எடுக்கச் சொல்லிவிட்டார். உள்ளூர் ஆள் யாரும் வேண்டாம் என்று தச்சநல்லூரிலிருந்து தேவமணி என்பவரை வரவழைத்தார். ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் வேலை முடிந்திருக்க வேண்டும்.

அருமைநாயகம் சபை மூப்பர். அவர் அப்பாவும் மூப்பராக இருந்தவர். கோயில் சாவி அவர் மடியில்தான் இருக்கும். உளி பட்டுப் பலகையில் ஒரு கீறல் விழட்டும். கோயில் சொத்தைக் கெடுத்துவிட்டார் என்று பிஷப்புக்கு மனு எழுதிக் குருவானவரையே மாற்றிவிடலாம். மனுவில் யார் யார் கையெழுத்துப் போடுவது என்பதுகூட மேலத்தெருவில் முடிவாகியிருந்தது.

ஆனால் வந்த ஆளின் பையில் உளியே இல்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

தேவமணி வெளியே கல் கூட்டி மணலை வறுத்தார். சுடுமணலைத் துணியில் முடிந்து, வீங்கிய முழங்காலுக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல் கோட்டின் மேல் வைத்து வைத்து எடுத்தார். அடியில் இருந்த மெழுகு இளகியது. மேலே இருந்த வர்ணம் பொருக்குவிட்டது. மூங்கில் சில்லால் மெதுவாக நெம்பினால், சாண் நீளத்துக்கு உரிந்து வந்தது. அடியில் பலகையில் நகம் பட்ட அடையாளம்கூட இல்லை.

இந்த ஆள் எந்தத் தெரு?

அதுதான் அருமைநாயகத்தை அரித்தது. பெயரை வைத்துச் சொல்ல முடியவில்லை. கோட்டின் மேல் இருந்து வேலை செய்கிறார். ஒரு முழங்கால் அந்தப் பக்கம், ஒரு முழங்கால் இந்தப் பக்கம். மத்தியானம் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டார். உள்ளேயே சாப்பிட்டிருந்தால், எங்கே உட்காருகிறார் என்றாவது தெரிந்திருக்கும்.

'நீ' என்பதா, 'நீரு' என்பதா என்று தெரியாமல், இரண்டையும் தொடாமலே கேட்டார்.

"தச்சநல்லூர்ல எங்கன?"

"வடக்க, அண்ணாச்சி."

"வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"வாய்க்கால் மண்ணடிச்சுத் தூந்துபோச்சு அண்ணாச்சி."

சிரிப்பு தெரிகிறதா என்று பார்த்தார். தலை நிமிரவே இல்லை.

"அப்பாவுக்கு என்ன வேல?"

"வர்ணப்பூச்சுதான்." தேவமணி அடுத்த மணல்முடிச்சைக் கோட்டில் வைத்து அழுத்தினார். "இந்தக் கோட்டப் போட்டதும் அவுகதான். ஒங்க அப்பாதான் ஆளனுப்பிக் கூப்புட்டாகளாம். போட்டு முடிச்சு எந்திரிச்சதும், பின்பக்கமா எறங்கிப் போன்னுட்டாகளாம். அதுக்கப்புறம் எங்க வீட்ல ஒருத்தரும் இந்தக் கோயிலுக்குள்ள கால் வைக்கல."

அருமைநாயகம் நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

"சரி, நீ வேலையப் பாரு," என்றார்.

வெயில் தாழும்போது கடைசிச் சாணும் கழன்று வந்தது. அவன் தரையைத் துணியால் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். அருமைநாயகம் எழுந்து, சுவரிலிருந்து சுவர் வரை விரலால் தடவிக்கொண்டே குனிந்து நடந்தார்.

ஒரு கீறல் இல்லை. மனுவுக்கு இனி வழியில்லை.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தார்.

வர்ணம் போயிருந்தது. கோடு போகவில்லை. முப்பது வருஷ வெளிச்சத்தில் தரையெல்லாம் கருத்திருக்க, வர்ணத்துக்கு அடியில் மூடிக் கிடந்த நான்கு விரல் அகலம் மட்டும் இன்று அறுத்த பலகைபோல் வெளுத்துக் கிடந்தது.

அவர் சந்தோஷத்தை முகத்தில் காட்டவில்லை.

"அது ஒண்ணுஞ் செய்யாது அண்ணாச்சி," என்றான் தேவமணி. "சன்னல் எல்லாத்தையும் தெனமும் தொறந்து போடுங்க. வெளிச்சம் பட்டா ஒரு வருசத்துல எல்லாம் ஒரே நெறமாயிரும். பாதிரி ஐயாகிட்டயும் சொல்லிருங்க."

"சொல்லுதேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாகவே அவன் இறங்கிப் போனான்.

பன்னிரண்டு சன்னல்கள். அருமைநாயகம் ஒவ்வொன்றாகச் சாத்திக் கொண்டி போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்துக்கு மட்டும் திறந்தால் போதும்.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில் யாரும் சொல்லாமலே அவரவர் பக்கத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள்.

அடுத்த சித்திரையில் குருவானவர் அந்த வெளுத்த பட்டையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வருஷம் ஒன்றாகியும் இது ஏன் மறையவில்லை, அந்த தேவமணி வேண்டுமென்றே ஏதும் செய்துவிட்டுப் போனானா என்று கேட்டார்.

"எனக்கு அன்னைக்கே அவன் மேல ஒரு சந்தேகந்தான் ஐயா," என்றார் அருமைநாயகம்.