புதன்கிழமைக் கோளாறு

"ரைமோ, மறுபடியும் கியர் விளக்கு மினுக்குது. வண்டியும் ஸ்டார்ட் ஆகலை. கொஞ்சம் வர்றியா?"

மாடியேறி வந்த ஹெல்வி புருஷன் டைஸ்டோவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மெக்கானிக் ரைமோவுக்குப் போன் செய்தாள். டைஸ்டோவுக்கு வயிறு எரிந்தது.

புதன்தோறும் இதே கதைதான். நான்கு மணிக்குக் கட்டடத்தின் பொது நீராவிக் குளியலறையான சவுனாவில் அவள் முறை. குளித்து, நல்ல கவுன் மாட்டி, டேங்கோ நடனம் ஆட ஏரிக்கரைக் கூடத்துக்குக் கிளம்புவாள். கார் மக்கர் செய்யும். ரைமோ வருவான். ஐந்தே நிமிடத்தில் வண்டி உறுமும். இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

குவோபியோ நகரில் டேங்கோ என்றால் ஒரு காலத்தில் டைஸ்டோ, ஹெல்வி ஜோடிதான். டைஸ்டோவின் முழங்கால் அறுவைக்குப் பிறகு டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். ஹெல்வி கெஞ்சினாள். வலிக்கிறது என்று டைஸ்டோ ஊன்றுகோலும் நாற்காலியுமாகவே இருந்துவிட்டார்.

"கியர்பாக்ஸ் போயிடுச்சு. இருபது வருஷத்து ஆட்டோமேட்டிக் வேற எப்படி இருக்கும்? வித்துத் தள்ளு," என்றார் இப்போதும்.

"ரைமோ பார்க்கட்டும்," என்று அவள் இறங்கிப் போய்விட்டாள்.

ரைமோ, ரைமோ. காரை நிறுத்தும் இடமும் வாரா வாரம் தள்ளிப்போனது. முதலில் வாசல். பிறகு குப்பைத்தொட்டிப் பக்கம். இப்போது பிர்ச் மரங்களுக்கும் அப்பால். என் கண்ணில் படக்கூடாதென்றுதானே?

இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவதென்று டைஸ்டோ இறங்கினார். லிஃப்ட் இல்லாத மூன்று மாடி. அவர் போய்ச் சேர்வதற்குள் ஹெல்வி கையசைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். ரைமோ கை துடைத்துக்கொண்டிருந்தான்.

"அது என்னப்பா, புதன்கிழமை மட்டும் வர்ற கோளாறு? நீ வந்தா மட்டும் சரியாகிற கோளாறு?"

"கியர்பாக்ஸ் நல்லா இருக்குண்ணே. பேட்டரி ஒயரைப் பிடிக்கிற கிளாம்ப் லூசா இருக்கு. கரண்ட் சரியா வராததால கியர் விளக்கு எரியுது, வண்டியும் கிளம்பலை."

"முதல் வாரமே இறுக்கித் தொலைக்க வேண்டியதுதானே?"

"ஒவ்வொரு வாரமும் இறுக்கிட்டுத்தான் போறேன். அது தானா கழலாதுண்ணே. கழட்ட பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேணும்."

டைஸ்டோவின் கை கால்சட்டைப் பையை மூடிக்கொண்டது. உள்ளே ஸ்பேனர் இருந்தது.

"ஹெல்விக்குச் சொல்லிட்டியா?"

"அவங்கதான் எனக்குச் சொன்னாங்க. நீங்க ஸ்பேனரோட காருக்குப் போறதை சவுனா ஜன்னல்ல இருந்து வாரா வாரம் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க. பேட்டரியைத் தொட விடாம பூட்டுப் போட்டுரவான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க. 'யார் சொல்லியும் நடக்காத மனுஷன், இதுக்காகவாவது மூணு மாடி இறங்கி ஏறுறாரு. கெடுத்துடாதே'ன்னாங்க."

ரைமோ கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

"அடுத்த வாரம் இன்னும் தள்ளி, தெருமுனைக் கடைக்குப் பின்னால நிறுத்தப் போறாங்களாம்."

டைஸ்டோ தன் கையைப் பார்த்தார். ஊன்றுகோல் இல்லை. அது மேலே, நாற்காலி ஓரத்திலேயே இருந்தது.